திரும்பி வந்த 231 அட்டைகள்: நெல்லைக் கல்லூரி ஒன்றின் ஐடி கார்டு வேலை

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் உள்ள பொறியியல் கல்லூரி அது. மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லோரும் சேர்ந்து 2,400 பேர். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர், நாங்குநேரி என்று பல ஊர்களிலிருந்து கல்லூரிப் பேருந்துகள் வருகின்றன, விடுதியும் உண்டு. அதுவரை ஐடி கார்டு வெளியே கடையில்தான் அடிக்கப்பட்டது. ஏ4 அளவு டிராகன் ஷீட் என்ற பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட் அச்சு, மேலே லேமினேஷன், பிறகு கட்டரில் வெட்டு. வெட்டிய ஓரம் திறந்தே இருப்பதால் வியர்வையும் மழை ஈரமும் உள்ளே இறங்கும். அரையாண்டுக்குள் ஓரம் பிரிந்து இலை இலையாய்க் கழன்றுவிடும்.

அந்த ஆண்டு கல்லூரி சொந்தமாகக் கார்டு பிரிண்டர் வாங்கியது. சிப் உள்ள அட்டை. நுழைவாயில் கேட், நூலகம், விடுதி மூன்றுக்கும் அதுவே. ஜூலையில் 2,400 அட்டையும் அடித்துக் கொடுத்தாயிற்று. ஒரே வாரத்தில் 231 அட்டைகள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தன. ‘பிரிண்டர் சரியில்லை’ என்பதுதான் முதலில் எழுந்த பேச்சு. ஒவ்வொன்றாய் எடுத்துப் பிரித்து வைத்தபோது கணக்கு வேறாக வந்தது:

பெயர் எழுத்துப் பிழை 46, பதிவெண் தவறு 58, புகைப்படம் மாறியது 22, தமிழ்ப் பெயர் உடைந்தது 19, வெள்ளைப் புள்ளி அல்லது கோடு 31, கேட்டில் வேலை செய்யாதது 55.

முதல் நான்கும் அட்டவணையில் பிறந்த பிழைகள், மொத்தம் 145. பிரிண்டர் கெடுத்தவை 31 மட்டுமே. இந்த வேலையில் இறங்கும் நிறுவனங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் செலவழிக்கின்றன. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க மூன்று நாள்கூட ஒதுக்குவதில்லை. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்காகவே இந்த ஆய்வு.

அட்டையும் இயந்திரமும்

அட்டை சிஆர்80 அளவு: 85.6 × 53.98 மி.மீ., கனம் 0.76 மி.மீ. ஏடிஎம் கார்டும் இதே அளவுதான். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு வடிவமைப்பு 1011 × 638 பிக்சலில் இருக்க வேண்டும். பிரிண்டர் நேரடி அச்சு வகை. ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு, மேல்பூச்சு, பின்பக்கத்துக்கு இன்னொரு கறுப்பு என்று பட்டை பட்டையாய் இருக்கும். மூன்று நிறப் பட்டைகளில் உள்ள சாயம் சூட்டில் ஆவியாகிப் பிவிசியின் மேற்பரப்புக்குள் இறங்குகிறது. கறுப்பு மட்டும் ரெசின். அது அப்படியே உருகி அட்டைமேல் ஒட்டும். இந்த வேறுபாடு பின்னால் பார்கோடு விஷயத்தில் முக்கியமாகிறது.

ரோலுக்கு 200 அட்டை; 2,400க்கு 12 ரோல் போதும். சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து 14 வாங்கினார்கள். வடிவமைப்பில் நிறத்தைக் குறைத்தால் ரிப்பன் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. முன்பக்கத்தில் ஒரு பொட்டு அளவுக்குச் சிவப்பு இருந்தாலும் மூன்று நிறப் பட்டையும் முழுதாய் நகர்ந்து போய்விடும். வேகத்தைப் பொறுத்தவரை, இரு பக்கமும் சேர்த்து ஓர் அட்டைக்கு 35 முதல் 40 விநாடி. ரிப்பன் மாற்றம், துடைப்பு, அட்டை நிரப்புவது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 70 அட்டைக்கு மேல் கணக்குப் போடக் கூடாது.

ரீட்ரான்ஸ்ஃபர் பிரிண்டர் வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அது முதலில் ஒரு மெல்லிய ஃபிலிமில் தலைகீழாய் அச்சிட்டு, பிறகு சூட்டில் அட்டைமேல் ஒட்டுகிறது. சிப் இருக்கும் இடத்தில் அட்டை சற்று மேடுபள்ளமாய் இருந்தாலும் அச்சு கெடாது, ஓரம் வரை நிறம் வரும். ஆனால் ரிப்பனோடு ஃபிலிம் செலவும் சேரும், இயந்திர விலையும் கூடுதல். வருடத்துக்குச் சில நூறு புது அட்டை மட்டுமே அடிக்கும் கல்லூரிக்கு நேரடி அச்சு போதும், ஒரு நிபந்தனையோடு: சிப் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வடிவமைக்க வேண்டும். வெற்று அட்டையின் பின்னால் செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் ஓரத்தைச் சுற்றி ஓடும் ஆன்டெனாக் கம்பியும் சிப்பும் நிழலாய்த் தெரியும். அந்த இடத்தில் முகம் வரக் கூடாது. வந்தால் கன்னத்தில் வெளிறிய தழும்பு போல ஒன்று விழும்.

மாதிரி அச்சில் பிடிபட்டவை

முதலில் 20 அட்டை மாதிரிக்கு அடித்தார்கள். அதிலேயே இரண்டு பெரிய தவறுகள் சிக்கின. கல்லூரியின் நிறம் அடர் அரக்கு. அதை அட்டையின் நாலு ஓரமும் முட்டும்படி வடிவமைப்பாளர் போட்டிருந்தார். முழு ஓரத்துக்கும் கனமான நிறம் போகும்போது சூடு கூடி, விளிம்பில் ரிப்பன் ஒட்டிக்கொண்டு சுருங்கும், சில சமயம் அறும். ஓரத்தில் 1 மி.மீ. வெள்ளை விட்டு, அரக்கை மேல் தலைப்புக்கு மட்டும் வைத்ததும் நின்றது.

அடுத்தது நூலகப் பார்கோடு. கண்ணுக்குக் கறுப்பாய்த் தெரிந்தது, ஸ்கேனர் தடுமாறியது. கோப்பில் இருந்த கறுப்பு முழுக் கறுப்பு அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சுழியாக இருந்தால்தான் பிரிண்டர் ரெசின் கறுப்பை எடுக்கும். சற்று மாறினாலும் மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பு போல ஒன்றைத் தரும். அந்தக் கலவையில் கோட்டின் விளிம்பு மங்கும், அகச்சிவப்பு ஸ்கேனருக்கோ கோடே தெரியாது. பார்கோடை ஜேபெக் படமாக ஒட்டாமல் அச்சு மென்பொருளையே உருவாக்கச் சொன்னதும் தீர்ந்தது.

அகலமும் கணக்குப் பார்த்து வைக்க வேண்டியது. 12 இலக்கப் பதிவெண்ணை ‘கோட் 128’ (Code 128) என்ற பார்கோடு வகையின் எண்களுக்கான முறையில் எழுதினால் 101 அலகு; அலகு என்பது ஆக மெல்லிய கோட்டின் அகலம். 300 டிபிஐயில் ஓர் அலகுக்கு 3 புள்ளி, அதாவது 0.254 மி.மீ. எனில் 25.7 மி.மீ.; இரு பக்கமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் சேர்த்து 30.7 மி.மீ. நெட்டுவாக்கு அட்டையின் 54 மி.மீ. அகலத்தில் தாராளமாய் அடங்கும். இடம் போதவில்லை என்று படத்தை இழுத்துச் சுருக்கினால் அலகு 2.6 புள்ளி என்று வரும். பிரிண்டரால் அரைப் புள்ளி போட முடியாது, கோடுகள் தடித்தும் மெலிந்தும் போகும்.

இவ்வளவு பிடிபட்டும் பட்டியல் பிழைகள் ஒன்றுகூட இந்த 20இல் தெரியவில்லை. காரணம், மாதிரிக்கு எடுத்தது ஒரே துறைப் பட்டியலின் முதல் 20 பேர். மாதிரிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் சிக்கலான பெயர்க்காரர்கள்: ஆக நீளமான பெயர், ஆகச் சிறிய பெயர், இரண்டு இனிஷியல், இனிஷியலே இல்லாதவர், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் பெயர், ஸ்ரீ வரும் பெயர், ஒவ்வொரு துறையிலிருந்தும் குறைந்தது இருவர்.

58 பேருக்கு ஒரே எண்

திரும்பிய பதிவெண் அட்டைகள் 58உம் ஒரே வகுப்புடையவை. எல்லாவற்றிலும் ஒரே எண், கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யம். துறை அனுப்பிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பத்தி பிரித்த வெற்று எழுத்துப் பட்டியல்) யாரோ எக்செலில் திறந்து, ஓர் எழுத்தைத் திருத்தி, அப்படியே சேமித்திருக்கிறார்கள். எக்செலின் பொது வடிவம் 11 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது காட்டியதைத்தான் எழுதும். பின் ஆறு இலக்கம் அங்கேயே அழிந்தது. பார்கோடும் அதே எண்ணிலிருந்து வந்ததால் நூலகக் கணினிக்கு 58 பேரும் ஒரே ஆள்.

தடுக்கும் வழி எளிது. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், டேட்டா பகுதி வழியாக இறக்கி, பதிவெண் பத்தியை டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் ஊழியர் எண்ணுக்கும் இதுவே மருந்து. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 வகைச் சிஎஸ்வி. இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாய் மாறிவிடும்.

லெட்சுமியை லட்சுமி ஆக்கியது யார்

பெயர்ப் பிழை 46இல் பெரும்பாலானவை கவனக்குறைவால் வந்தவையே அல்ல. தட்டச்சு செய்தவர் அக்கறையோடு ‘திருத்தியவை’. தென்மாவட்டங்களில் முத்துலெட்சுமி, சுப்புலெட்சுமி என்றுதான் பல வீடுகளில் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்திலும் அதே ஒலியோடு சான்றிதழில் பதிந்திருக்கும். அதை லட்சுமி ஆக்கிவிட்டார்கள். சுப்பிரமணியன் சுப்ரமணியன் ஆனார். இனிஷியல் முன்னிருந்து பின்னுக்குப் போனது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படியோ அப்படி, எழுத்துக்கு எழுத்து. இதைத் தவிர வேறு விதி வைத்துக்கொள்ளக் கூடாது. பேருந்துப் பாஸ், உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று ஐடி கார்டைக் காட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல் அந்தப் பிள்ளைக்குத்தான்.

தமிழ்ப் பெயர் உடைந்த 19 பேரும் டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள். மற்ற எல்லோருடைய பெயரும் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், புதிதாய் அடித்தது. இவர்களுடைய பட்டியல் மட்டும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்பிலிருந்து மாற்றி மென்பொருள் மூலம் வந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோமதிக்கும் கோமதிநாயகத்துக்கும் குறைவில்லை. அவர்கள்தான் முதலில் சிக்கினார்கள். ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாய்ச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக. வேர்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அச்சு மென்பொருள் இரண்டாவதை இணைக்கத் தெரியாமல் கொம்பையும் காலையும் பிரித்துப் போட்டது. கௌசல்யாவின் ‘கௌ’வில் ஔகாரக் குறிக்குப் பதில் ளகர எழுத்தே உட்கார்ந்திருந்தது, இது கண்ணால் பார்த்தால் எளிதில் பிடிபடாது. பட்டியல் முழுவதையும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்ப்பது) ஒருமுறை சீராக்கினால் முதல் சிக்கல் போய்விடும். இரண்டாவதற்கு ககர, சகர, மகரங்களுக்கு முன் ஒற்றைக்கொம்பும் பின் ளகரமும் வரும் இடங்களைத் தேடிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகளில் யூனிகோடுத் தமிழ் சரியாக இணையாது என்பதால்தான் பல கடைகளில் இன்னும் பாமினியே ஓடுகிறது. கடைக்கு வெளிவேலை கொடுக்கும்போது இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

படம்

22 பேருக்கு அடுத்தவர் முகம். படக் கோப்புகளுக்குப் பெயரை வைத்தே பெயரிட்டதுதான் காரணம். நெல்லைச் சீமையில் ஒரே ஆண்டில் மூன்று இசக்கியம்மாள், நான்கு பேச்சிமுத்து, இரண்டு சுடலைமுத்து இருப்பது சாதாரணம்; அதில் இருவருக்கு ஒரே இனிஷியலும் அமைந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் ஒன்று மற்றதை அழிக்கும், அல்லது பின்னால் 1 என்று சேர்த்துக்கொள்ளும். பதிவெண்ணே கோப்பின் பெயராக வேண்டும். படமெடுக்கும் இடத்தில் முதலில் பதிவெண் எழுதிய சீட்டை ஒரு கிளிக், உடனே ஆளை ஒரு கிளிக்; பிறகு எந்தக் குழப்பமும் வராது.

வாட்ஸாப்பில் படம் கேட்பது இன்னொரு தவறு. அட்டையில் 25 × 30 மி.மீ. படத்துக்கு 295 × 354 பிக்சல்தான் வேண்டும், அளவு போதும்; ஆனால் அழகுபடுத்தும் ஃபில்டர், செல்ஃபிக் கோணம், மங்கல் எல்லாம் கூடவே வரும். கல்லூரியே எடுப்பது நல்லது. வெள்ளைச் சுவர் முன் நிறுத்தாதீர்கள்: கேமரா வெள்ளையைக் கணக்கில் எடுத்து முகத்தை இருட்டாக்கும், கறுத்த முகங்களில் கண்ணும் மூக்கும் தெரியாமல் போகும். வெளிர் நீலத் துணி, நிழலான வராந்தா, முகத்துக்கு எதிரே திறந்த வானவெளிச்சம் போதும்.

காற்றும் தூசும்

பிரிண்டர் கெடுத்த 31இல் 24 வெள்ளைப் புள்ளி, 7 கோடு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் அடித்து வரும் காற்று இங்கே எப்படிப்பட்டது என்பது கயத்தாறிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அறையின் ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது. பிவிசி அட்டை உரசலில் மின்னேற்றம் பெற்றுத் தூசை இழுக்கும். தூசு இருக்கும் இடத்தில் சாயம் இறங்காது, வெள்ளைப் புள்ளி விழும்.

குறையின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். இடம் மாறி மாறி வரும் புள்ளி: அட்டைமேல் தூசு. எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் வரும் புள்ளி: ரோலரில் ஒட்டிய துணுக்கு. அட்டை நகரும் திசையில் முழுநீளக் கோடு: அச்சுத் தலையில் அழுக்கு, அல்லது ஒரு சூட்டுப்புள்ளி செத்துவிட்டது. துடைத்தும் கோடு போகவில்லையென்றால் தலையை மாற்ற வேண்டும்; பிரிண்டரில் ஆக விலை கூடிய பாகம் அதுதான். இங்கே துடைத்ததும் போயிற்று.

ஜன்னலை அடைத்து, விசிறியை நிறுத்தி, ஏசி மட்டும் போட வேண்டும். 100 அட்டைக் கட்டை நிரப்பும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். அட்டையை ஓரத்தில் பிடிக்க வேண்டும். கைவிரல் எண்ணெய் பட்ட இடமும் வெளிறும். ஒவ்வொரு ரிப்பன் மாற்றத்துக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துடைப்பட்டையை ஒருமுறை ஓட்ட வேண்டும். அச்சுத் தலையைத் துடைப்பதென்றால் மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, ஒரே திசையில். ஏற்கெனவே துளையிட்ட அட்டையை உள்ளே விடவே கூடாது. துளையின் பிசிறு தலையைக் கீறிவிடும்.

கேட் திறக்காத 55

இதில் 17 பேர், கயிறு நேரே மாட்டுவதற்காக வெளியே கடையில் பஞ்ச் போட்டுக்கொண்டவர்கள். ஓரத்தைச் சுற்றி ஓடும் ஆன்டெனாக் கம்பி ஒரு சுற்று அறுந்தாலும் அட்டை செத்ததுதான். ஒட்ட முடியாது. சிப் அட்டைக்கு ஹோல்டர் கட்டாயம், அதுவும் கெட்டியான பிளாஸ்டிக் ஹோல்டர். மெத்தென்ற வினைல் உறையில் இருக்கும் மென்மையாக்கி எண்ணெய், அச்சின் சாயத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். சில மாதத்தில் முகம் கலங்கி, உறையின் உட்பக்கத்தில் நிழல் படிந்திருக்கும். பைக் டேங்க் கவரிலும் கார் டேஷ்போர்டிலும் வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். டேக் கயிற்றில் இழுத்தால் கழன்றுகொள்ளும் சேஃப்டி பக்கிள் இருக்க வேண்டும். லேத் முன்னால் நிற்கும் மாணவருக்கு அது உயிர்க்காப்பு.

மீதி 38 பேரும் விடுதி மாணவர்கள். அட்டை நன்றாகவே இருந்தது. விடுதி அலுவலகத்தில் பதிந்த மேசை ரீடர், கேட்டில் உள்ள ரீடர் படிக்கும் வரிசைக்கு எதிர் வரிசையில் எண்ணைப் படித்தது. சிப்பின் அடையாள எண் நான்கு பைட். பதினாறடிமானத்தில் 12 34 56 78 என்று இருந்தால் ஒரு ரீடர் 305419896 என்று சொல்லும். கடைசியிலிருந்து படிக்கும் ரீடர் 2018915346 என்று சொல்லும். இரண்டும் ஒரே அட்டைதான். ரீடர் அமைப்பை மாற்றி மீண்டும் பதிந்ததும் 38உம் திறந்தன, அட்டை வீணாகவில்லை. வேலை தொடங்குமுன் ஒரே அட்டையை எல்லா ரீடரிலும் காட்டி எண் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எண்ணைக் கேட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும் வீகண்ட் என்ற இணைப்பில், 26 பிட் அமைப்பில் வரும் ரீடரானால் 24 பிட் எண் மட்டுமே போகும், நான்கு பைட்டில் ஒன்று உதிரும். அதனால் வேறு வேறு அட்டைகள் ஒரே எண்ணாய்த் தெரியவும் வாய்ப்புண்டு. 34 பிட் அமைப்பு இருந்தால் அதை வைக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. மைஃபேர் கிளாசிக் என்ற சிப் அட்டை வகையின் பூட்டு முறை 2008இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. அடையாள எண்ணை நகலெடுக்கும் வெற்று அட்டைகளும் விற்கின்றன. வருகைப் பதிவுக்கும் நூலகத்துக்கும் இது தாங்கும். மெஸ் பணம், கேன்டீன் பணம் ஏற்றுவதென்றால் ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகை அட்டைக்குப் போக வேண்டும். இந்தக் கல்லூரி பணத்தை அட்டையில் ஏற்றவில்லை, சரியான முடிவு.

கணக்கும் அடுத்த சுற்றும்

38 போக மீதி 193 அட்டை புதிதாய் அடிக்க வேண்டியதாயிற்று. சேதாரத்துக்கு வாங்கிய இரண்டு ரோலில் ஒன்று அதிலேயே தீர்ந்தது. 193 சிப் அட்டையும் போயிற்று. சாயம் அட்டைக்குள் இறங்கிய (டை-சப்ளிமேஷன்) அச்சை அழித்து மேலே அடிக்க முடியாது.

அடுத்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்த 620 பேருக்கு வேலை வேறு மாதிரி நடந்தது. பட்டியலின் வரிகள், வேறுபட்ட பதிவெண்கள், படக் கோப்புகள் இந்த மூன்றின் எண்ணிக்கையும் 620 என்று ஒத்துப்போகும் வரை பிரிண்டரைத் தொடவில்லை. பிறகு வகுப்புவாரியாக ஏ4 தாளில், தாளுக்குப் பத்துப் பேர், அட்டை எப்படி வருமோ அப்படியே சாதாரண பிரிண்டரில் எடுத்தார்கள். 60 பேர் வகுப்புக்கு ஆறு தாள். வகுப்பாசிரியர் கையில் கொடுத்து, ஒவ்வொரு மாணவரும் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. பெற்றோர் செல்போன் எண் அதில் இருக்கிறது. இரத்த வகை, ஆய்வகச் சீட்டு காட்டியவர்களுக்கு மட்டும் அச்சிடப்பட்டது, மற்றவர்களுக்குக் காலி. தவறான இரத்த வகையைவிடக் காலி இடம் எவ்வளவோ மேல். ஆதார் எண் அட்டையில் எங்கும் இல்லை.

அந்தச் சுற்றில் திரும்பியவை 9: புள்ளி 5, பஞ்ச் போட்டது 1, சான்றிதழிலேயே பெயர்த் திருத்தம் நடந்துகொண்டிருந்தவை 3.

கடைசியாகத் தீர்ந்த ரிப்பன். இதைக் குப்பைக்கூடையில் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். கறுப்புப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் வெட்டெழுத்தாய்ப் படிக்க முடியும், நிறப் பட்டையில் முகம் நெகட்டிவாய் இருக்கும். 200 பேரின் விவரம் ஒரே சுருளில். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, மாணவர் விவரத்தைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்பதில் ஐயம் கிடையாது. இங்கே தீர்ந்த சுருள்களை எண்ணிப் பூட்டி வைத்து, மாதம் ஒருமுறை சுருளோடு குறுக்கே நாலைந்து வெட்டாக வெட்டித் துண்டுகளைக் கலந்துவிடுகிறார்கள். கெட்ட அட்டைகளை சிப் வழியாகக் குறுக்கே வெட்ட வேண்டும். இரண்டையும் கட்டடத்தின் பின்னால் போட்டு எரிக்கக் கூடாது: பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும், ஈரம் பட்டால் அது அமிலம், பக்கத்திலேயே விடுதி இருக்கிறது. வெட்டிய துண்டுகள் பிளாஸ்டிக் கழிவோடு தனியாகப் போகட்டும்.